சிமிலி 'ஸ்மைல்' ஆன கதை: ஓ.எல். ஆங்கில இலக்கியம் எடுக்கும் பிள்ளைக்குக் கலைச்சொல் வழிகாட்டி

என் மூத்த மகள் ஓ.எல். (க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை) படிக்க 10ஆம் ஆண்டுக்குப் போனபோது, பிள்ளை தெரிவு செய்யும் இரண்டாம் தொகுதிப் பாடமாக ஆங்கில இலக்கிய நயத்தை எடுத்தாள். எங்கள் வீடு இலங்கையில் மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிக்குடிப் பக்கம். அவளுடைய வகுப்பில் அந்தப் பாடம் எடுத்தவர்கள் ஒன்பது பேர்தான். மற்றவர்கள் சித்திரம், சங்கீதம், நடனம் என்று போய்விட்டார்கள். முதல் தவணையில் அவளுக்கு 38 புள்ளி.

விடைத்தாளை வாங்கிப் பார்த்தேன். கதை தெரிந்திருந்தது, கவிதையும் விளங்கித்தான் இருந்தது. புள்ளி போனதெல்லாம் கலைச்சொல்லில். ஓரிடத்தில் 'சிமிலி' (உவமை) என்று எழுத வேண்டியதை 'ஸ்மைல்' என்று எழுதி வைத்திருந்தாள். கவிஞர் இந்த வரியில் புன்னகையைக் கையாளுகிறாராம்! ரீச்சர் பக்கத்தில் சிவப்புப் பேனையால் ஒரு சிரிக்கிற முகம் கீறி விட்டிருந்தார். ஆங்கிலத்தில் சிமிலிக்கு இரண்டு 'ஐ' எழுத்து வரும். முதலாவதை விட்டால் சொல் ஸ்மைல் ஆகிவிடும். இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் இந்தப் பிழையை விட்டவள் அவள் மட்டும் இல்லை.

அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் அவளோடு நானும் இருந்து படித்தேன். நான் ஆங்கில ஆசிரியை இல்லை, கணக்கெழுதும் வேலை செய்பவள். அதனால்தானோ என்னவோ, எந்த இடத்தில் கால் இடறும் என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இந்த வருடம் உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை இந்தப் பாடத்தை எடுத்திருந்தால், அல்லது நீங்களே அந்தப் பிள்ளையாக இருந்தால், கீழே உள்ள ஒழுங்கில் போங்கள்.

1. நோட்ஸ் வாங்குவதற்கு முன் நான்கு ஆவணம்

முதலாவது, பாடத்திட்டமும் ஆசிரியர் வழிகாட்டியும். இரண்டையும் தேசிய கல்வி நிறுவகத்தின் இணையத்தளத்தில் இலவசமாக எடுக்கலாம். இரண்டாவது, பாடநூல். பள்ளியில் தருவார்கள். தொலைந்து போனால் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் பிடிஎப் ஆக இருக்கிறது. மூன்றாவது, கடந்த கால வினாத்தாள்கள், குறைந்தது ஐந்து வருடத்துக்கு உரியவை. நான்காவது, அந்த வினாத்தாள்களுக்கான புள்ளியிடும் திட்டம். நான்காவதைத்தான் பலர் தேடுவதில்லை. எந்தச் சொல்லுக்குப் புள்ளி, எந்த விளக்கத்துக்குப் புள்ளி என்று அதில்தான் தெரியும்.

எடுத்த பாடத்திட்டம் உங்கள் பிள்ளை பரீட்சை எழுதப் போகும் வருடத்துக்கு உரியதுதானா என்று பாருங்கள். பாடத்திட்டம் மாறும்போது கவிதைகளும் மாறும். பக்கத்து வீட்டு அக்கா தந்த பழைய கொப்பியை நம்பி, இப்போது பாடத்திலேயே இல்லாத ஒரு கவிதையை என் மகள் இரண்டு வாரம் படித்தாள்.

இன்னொரு பொறி, தடித்த போட்டோக்கொப்பி நோட்ஸ். டவுனில் ஒரு கடையில் 180 பக்கம், பக்கம் 10 ரூபா வீதம் 1800 ரூபா கொடுத்து வாங்கினேன். உள்ளே இருநூறுக்கு மேற்பட்ட கலைச்சொல். பாதிக்கு மேல் பல்கலைக்கழகத்தில் படிப்பவர்களுக்கு வேண்டியவை. மகள் 'ஏ' எழுத்தில் தொடங்கி 'சி' தாண்டுவதற்குள் களைத்துவிட்டாள். ஓ.எல். பிள்ளைக்கு முப்பது, நாற்பது சொல் போதும். எந்த நாற்பது என்று கேட்டால், புள்ளியிடும் திட்டத்தை ஒரு முறை வாசித்து, வந்த சொற்களை வரிசையாக எழுதுங்கள். அதுதான் உங்கள் பட்டியல்.

2. கொப்பியில் நான்கு நிரல்

ஒரு சி.ஆர். கொப்பி (கெட்டி அட்டைக் கொப்பி) வாங்கி இரண்டு பக்கத்தையும் விரித்து நான்கு நிரல் கீறுங்கள். முதல் நிரலில் ஆங்கிலச் சொல், சரியான எழுத்துக்கூட்டலோடு. இரண்டாவதில் பிள்ளை தன் வாயால் சொல்லும் விளக்கம். தமிழில் இருந்தாலும் பரவாயில்லை. மூன்றாவதில் பாடநூலிலிருந்தே ஒரு வரி. நான்காவதில் அந்த வரி வாசிப்பவருக்கு என்ன செய்கிறது என்பது, இது மட்டும் கட்டாயம் ஆங்கிலத்தில்.

மூன்றாவது நிரலில் இணையத்தில் கிடைத்த உதாரணத்தைப் போட விடாதீர்கள். சிங்கம் போல வீரன் என்று எல்லாருக்கும் தெரிந்த உதாரணத்தை வைத்துப் பரீட்சையில் ஒன்றும் செய்ய முடியாது. கேள்வி பாடப் பகுதியிலிருந்து வரும். நான்காவது நிரல் காலியாக இருந்தால் அந்தச் சொல்லைப் படித்ததாகவே கணக்கெடுக்க வேண்டாம்.

3. தமிழ் இலக்கணத்தோடு ஒன்றுக்கொன்று முடிச்சுப் போடாதீர்கள்

தமிழில் கெட்டிக்காரப் பிள்ளைகள்தான் இதில் அதிகமாக விழுகிறார்கள். உவமை என்றால் சிமிலி, உருவகம் என்றால் மெட்டபர் என்று எழுதி மனப்பாடம் செய்கிறார்கள். தொடக்கத்துக்குச் சரிதான். அப்புறம் உவமைத்தொகை வருகிறது.

'மதிமுகம்' என்று எழுதினால் தமிழில் அது உவமைத்தொகை. 'போன்ற' என்ற உருபு மறைந்து நிற்கிறது என்கிறோம். 'முகமதி' என்று திருப்பிப் போட்டால் உருவகம். ஆங்கிலத்தில் இந்த மறைந்து நிற்கும் கதை இல்லை. 'லைக்', 'ஏஸ்' மாதிரி ஒப்பிடும் சொல் வெளிப்படையாக இருந்தால் சிமிலி, இல்லாவிட்டால் மெட்டபர். என் மகள் ஒரு மெட்டபரை எடுத்து, 'இதில் லைக் மறைந்திருக்குதுதானே அம்மா, அப்ப ஏன் பிழை போட்டிருக்கிறாங்க?' என்று கேட்டாள். தமிழ்ப் பாடத்தில் அது நல்ல கேள்வி. ஆங்கிலப் பாடத்தில் அதற்கு இடமில்லை.

மறுபக்கமும் உண்டு. லைக் வந்த இடமெல்லாம் சிமிலி ஆகாது. 'எனக்குத் தேநீர் பிடிக்கும்' என்பதற்கும் ஆங்கிலத்தில் லைக்தான். 'எங்கள் வீடு பக்கத்து வீட்டைப் போல இரண்டு அறை கொண்டது' என்பதும் சிமிலி இல்லை, வீட்டை வீட்டோடுதான் ஒப்பிடுகிறோம். 'பொங்கலுக்கு முதல் நாள் எங்கள் வீடு சந்தை போல இரைந்தது' என்றால் சிமிலி. இனம் வேறாக இருக்க வேண்டும்.

மோனை என்றால் அலிட்டரேஷன் என்பதும் பாதி உண்மைதான். தமிழில் மோனைக்கு எழுத்துக் குடும்பம் உண்டு: அகரத்துக்கு ஆகாரமும் ஐகாரமும் சேரும், சகரத்துக்குத் தகரம் சேரும். ஆங்கிலத்தில் அப்படிச் சேராது. அடுத்தடுத்த சொற்களில் ஒரே மெய்யோசை திரும்பி வர வேண்டும், அவ்வளவுதான். எழுத்து அல்ல, ஓசை. 'நைஃப்' ஆங்கிலத்தில் 'கே' எழுத்தில் தொடங்கினாலும் ஓசை நகரம். அது 'நைட்' உடன்தான் சேரும், 'கிங்' உடன் சேராது. எங்கள் பிள்ளைகளுக்கு இன்னொரு தனிச் சிக்கல் இருக்கிறது. தமிழில் 'பென்' என்பதற்கும் 'பொக்ஸ்' என்பதற்கும் ஒரே 'ப' போடுகிறோம். ஆங்கிலத்தில் ஒன்று 'பி', மற்றது 'பீ' என்று சொன்னால் கடதாசியில் வித்தியாசம் தெரியாது. பிள்ளையிடம் உதட்டுக்கு முன்னால் கையை வைத்துச் சொல்லச் சொல்லுங்கள். பென்னுக்குக் காற்று கையில் அடிக்கும், பொக்ஸுக்கு அப்படி அடிக்காது. இரண்டும் வேறு ஓசை, அலிட்டரேஷன் ஆகாது.

எதுகையை ரைம் என்று எழுதாதீர்கள். எதுகை இரண்டாம் எழுத்துப் பொருத்தம், அதற்கு ஆங்கிலத்தில் நேரான சொல் இல்லை. ரைம் வரி முடிவில் வரும் ஓசைப் பொருத்தம், தமிழில் அதற்குக் கிட்ட நிற்பது இயைபு. சினிமாப் பாட்டைப் பற்றிப் பேசும்போது நாங்களே 'எதுகை மோனை' என்று சேர்த்துச் சொல்லிப் பழகிவிட்டதால் இந்தக் குழப்பம் போக நாளெடுக்கும்.

ஒனொமட்டோபியா (ஓசையை அப்படியே சொல்லாக்குவது) என்றதும் இரட்டைக்கிளவி என்று எழுதுவார்கள். 'சலசல', 'மடமட' சரி, அவை ஓசை. 'பளபள' கண்ணுக்குத் தெரிவது, 'விறுவிறு' வேகம். இவை ஒனொமட்டோபியா ஆகாது. அதேநேரம், ஆங்கிலத்தில் சொல் இரட்டிக்க வேண்டும் என்பதும் இல்லை. தேனீயின் 'பஸ்', பாம்பின் 'ஹிஸ்', இவை ஒற்றைச் சொல்லாகவே போதும்.

பெர்சோனிபிகேஷனைத் தற்குறிப்பேற்றம் என்று எழுதின பிள்ளைகளும் உண்டு. மதுரைக் கோட்டையின் கொடிகள் கோவலனையும் கண்ணகியையும் பார்த்து 'வராதீர்கள்' என்று கை காட்டியதாகத் தமிழ்ப் பாடத்தில் படிக்கிறோமே, அங்கே காற்றில் கொடி ஆடும் இயல்பான காரியத்துக்குக் கவிஞர் தன் காரணம் ஒன்றை ஏற்றுகிறார். அதுதான் தற்குறிப்பேற்றம். பெர்சோனிபிகேஷனுக்குக் காரணம் ஏற்ற வேண்டியதில்லை. உயிரற்றதற்கோ விலங்குக்கோ மனிதர் செய்கையையும் உணர்வையும் கொடுத்தால் போதும்.

ஆகுபெயர் நல்ல துணை. 'ஊர் சிரித்தது' என்றால் ஊரவர் சிரித்தார்கள். ஆங்கிலத்தில் இது மெட்டோனிமி. உறுப்பின் பெயர் முழுமையைக் குறித்தால், அல்லது முழுமையின் பெயர் உறுப்பைக் குறித்தால் சினெக்டகி. 'முல்லை மணந்தது' என்பதில் கொடியின் பெயர் பூவுக்கு ஆகி வருகிறதே, அந்த மாதிரி. இந்த இரண்டு சொல்லும் குறைவாகத்தான் தேவைப்படும், நேரமில்லாவிட்டால் கடைசிக்குத் தள்ளுங்கள்.

4. யார் பேசுகிறார், எந்தத் தொனியில்

கவிதையில் 'நான்' என்று வந்தால் அது கவிஞர் என்று முடிவு கட்டாதீர்கள். விடையில் 'ஸ்பீக்கர்' என்று எழுதுங்கள். கதையில் 'நரேட்டர்'. கவிஞர் அறுபது வயது ஆணாக இருக்கலாம், கவிதையில் பேசுவது பத்து வயதுச் சிறுமியாக இருக்கலாம்.

டோனும் மூடும் அடுத்த சண்டை. டோன் என்பது பேசுபவரின் மனப்பாங்கு. மூட் என்பது வாசிப்பவருக்குள் எழும் உணர்வு. நான் மகளுக்கு அடுப்படியில் வைத்துத்தான் இதை விளங்கப்படுத்தினேன். 'சாப்பிட வா மகள்' என்று கூப்பிட்டால் ஒரு டோன். மூன்று முறை கூப்பிட்டும் வராமல் போனில் இருந்தால், 'மகாராணி, எழுந்தருளி வந்து சாப்பிடுங்கோ' என்பேன். சொல்லில் மரியாதை, டோனில் கோபமும் கிண்டலும். அதைக் கேட்டுக்கொண்டு இருக்கும் சின்னவனுக்கு வயிற்றில் புளி கரைக்கும். அவனுக்கு வருவது மூட்.

தீம் பற்றி ஒரு எச்சரிக்கை. தமிழில் அதைக் 'கருப்பொருள்' என்று மொழிபெயர்க்கிறார்கள். தமிழ்ப் பாடத்தில் கருப்பொருள் என்றால் திணைக்குரிய தெய்வம், மரம், பறவை, பறை எல்லாம் வரும். இரண்டையும் குழப்பாமல் இருக்க, கொப்பியில் தீமுக்கு 'மையக்கருத்து' என்று எழுதுங்கள். தீமை ஒற்றைச் சொல்லில் முடிக்கவும் கூடாது. 'போர்' என்பது பாடுபொருள். 'போரில் வென்றவர் வீட்டிலும் சாவு விழுகிறது' என்பது தீம்.

5. ஐரனிக்கு ஒரு முழு வாரம் ஒதுக்குங்கள்

ஐரனியில் மூன்று வகை உண்டு. இதற்கு வஞ்சப்புகழ்ச்சி (புகழ்வது போல் இகழ்வது) என்று ஒற்றைச் சொல் எழுதிவிட்டுப் போனால் மூன்றில் இரண்டு பங்கு தவறிப்போகும்.

வெர்பல் ஐரனி: சொன்னது ஒன்று, கருதியது எதிர்மாறானது. மார்கழி அடைமழையில் நின்று 'மிளகாய் காயப் போட நல்ல நாள்' என்பது. வஞ்சப்புகழ்ச்சி இந்த ஒன்றுக்குள் மட்டும் அடங்கும்.

டிரமட்டிக் ஐரனி: பார்ப்பவருக்குத் தெரியும், பாத்திரத்துக்குத் தெரியாது. கூத்துப் பார்த்த பிள்ளைக்கு இது சட்டென்று பிடிபடும். கர்ணன் களரிக்கு (கூத்து ஆடும் இடத்துக்கு) வந்து பாண்டவரை அழிப்பேன் என்று சபதம் போடுகிறான். அவர்கள் தன் கூடப்பிறந்தவர்கள் என்பது அவனுக்குத் தெரியாது. பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். பாண்டிருப்புத் திரௌபதி அம்மன் கோயில் பக்கத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்குப் பாரதக் கதை தண்ணிபட்ட பாடு. வரைவிலக்கணத்தை மனப்பாடம் செய்ய வைப்பதை விட இந்த ஒரு காட்சியைச் சொல்லிக் கொடுங்கள்.

சிற்றுவேஷனல் ஐரனி: எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக முடிவது. வெள்ளத்துக்குப் பயந்து சாமான் முழுவதையும் மேட்டு நிலத்தில் இருக்கும் மாமி வீட்டுக்குக் கொண்டுபோய் வைக்கிறார் ஒருவர். அந்த வருடம் வெள்ளம் வரவில்லை, மாமி வீட்டுக் கூரை ஒழுகிச் சாமான் எல்லாம் நனைந்தது. காப்பதற்குச் செய்த காரியமே கெடுத்தது, அதனால் ஐரனி. கல்யாண நாளில் மழை பெய்தால் அது ஐரனி இல்லை, துரதிர்ஷ்டம். கல்முனை பஸ்ஸில் தற்செயலாகப் பழைய சிநேகிதியைக் கண்டால் அதுவும் ஐரனி இல்லை.

6. சிலபிளும் அசையும் ஒன்றல்ல

இதில் நானே பிழை விட்டேன். சிலபிள் என்றால் அசை என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, கணக்கு ஏன் உதைக்கிறது என்று மண்டையை உடைத்தேன். 'மட்டக்களப்பு' என்ற சொல்லையே எடுங்கள். யாப்புப்படி அசை பிரித்தால் மட் / டக் / களப் / பு, நான்கு அசை. சிலபிள் எண்ணினால் மட், டக், க, ளப், பு என்று ஐந்து. தமிழ் நிரையசைக்குள் இரண்டு உயிரோசை இருக்கும். சிலபிளில் ஒரு உயிரோசைதான். நாடியின் (மோவாயின்) கீழே கையை வைத்துச் சொல்லிப் பாருங்கள், ஒவ்வொரு உயிரோசைக்கும் நாடி ஒரு முறை கீழே இறங்கும்.

இது சரியானால் அயம்பிக் பென்டாமீற்றர் விளங்கும்: மெதுவாக ஒன்று, அழுத்தி ஒன்று என்று ஐந்து சோடி, மொத்தம் பத்துச் சிலபிள். அந்த ஓசை ஒழுங்கு இருந்து ரைம் இல்லாவிட்டால் பிளாங்க் வேர்ஸ். ஓசை ஒழுங்கும் இல்லை, ரைமும் இல்லை என்றால் ப்ரீ வேர்ஸ், எங்கள் புதுக்கவிதை மாதிரி. இரண்டையும் மாற்றி எழுதுவது மிகச் சாதாரணமான பிழை. சொனெட் என்றால் 14 வரி. ஷேக்ஸ்பியர் முறைச் சொனெட்டில் நான்கு நான்கு வரியாக மூன்று பகுதி, கடைசியில் ரைம் பொருந்தும் இரண்டு வரி.

7. மொழிப் பாடத்துச் சொற்கள்

கட்டாயப் பாடமான ஆங்கில மொழி வேறு, இந்தப் பாடம் வேறு. ஆனாலும் சில இலக்கணச் சொற்கள் இரண்டுக்கும் வேண்டும். நவுன், வேர்ப், அட்ஜெக்டிவ் எல்லாம் ஆறாம் ஆண்டிலேயே பழகியிருப்பார்கள், விட்டுவிடுங்கள். இடறுவது கிளோஸும் பிரேஸும்தான். 'நேற்று வந்த பையன்' என்பதில் 'வந்த' எங்களுக்குப் பெயரெச்சம், ஒரு சொல். ஆங்கிலத்தில் அது 'ஹூ கேம்' என்று வினையோடு கூடிய முழு கிளோஸ் ஆகிவிடும். உள்ளே எழுவாயும் முற்றான வினையும் இருந்தால் கிளோஸ், இல்லாவிட்டால் பிரேஸ். பிரெபொசிஷனுக்கு வேற்றுமை உருபை நினைத்துக்கொள்ளலாம், ஆனால் உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும், பிரெபொசிஷன் முன்னால் நிற்கும்.

8. விடை எழுதும்போது மூன்று படி

பெயர், மேற்கோள், விளைவு. மூன்றும் இருக்க வேண்டும்.

வாவி நிலவை விழுங்கியது என்று ஒரு வரி வந்ததாக வையுங்கள். 'இங்கே மெட்டபர் உள்ளது, இது கவிதைக்கு அழகு சேர்க்கிறது' என்று எழுதினால் பெயருக்கு மட்டும் ஏதாவது கிடைக்கும். அழகு சேர்க்கிறது என்ற வசனத்தை எந்தக் கவிதைக்கும் போடலாம், அதனால் அதற்குப் புள்ளி இல்லை. இப்படி எழுதலாம்: 'விழுங்கியது என்ற சொல் வாவியைப் பசித்த உயிராக மாற்றுகிறது. நிலவு முகிலுக்குள் மெல்ல மறையாமல் ஒரே வாயில் காணாமல் போகிறது. அதனால் இருள் திடீரென்று வந்த பயம் வாசகரைத் தொடுகிறது.' இதை ஆங்கிலத்தில் மூன்று சின்ன வசனமாக எழுதப் பழக்குங்கள். நீண்ட வசனம் எழுதப் போய் இலக்கணப் பிழை விடத் தேவையில்லை.

இந்த வரியைப் பெர்சோனிபிகேஷன் என்பதா, மெட்டபர் என்பதா? விழுங்குவது முதலையும் செய்யும், மனிதர் மட்டும் செய்வதில்லை. அதனால் நான் மெட்டபர் என்றே எழுதச் சொல்வேன். சந்தேகம் வரும் இடங்களில் மேற்கோளில் உள்ள ஒரு சொல்லைக் காட்டி, ஏன் அப்படிச் சொல்கிறீர்கள் என்று எழுதினால் பாதுகாப்பு.

9. காலமும் காசும்

வாரத்துக்கு ஐந்து சொல். நாற்பது சொல்லுக்கு எட்டு வாரம், ஒரு தவணைக்குள் முடியும். நாளுக்கு இருபது நிமிடம், கவிதை படிக்கும் அதே நேரத்தில். கலைச்சொல்லை மட்டும் தனியாக வைத்துப் படித்தால் மூன்றாம் நாள் மறந்துவிடும்.

பரீட்சை மாதத்தை டிசம்பர் என்று நினைத்துத் திட்டம் போடாதீர்கள். 2023ஆம் ஆண்டுக்குரிய ஓ.எல். 2024 மே மாதத்தில் நடந்தது, 2024க்குரியது 2025 மார்ச்சில். பரீட்சைத் திணைக்கள அறிவித்தலைப் பார்த்துப் பின்னோக்கி எண்ணுங்கள். கார்த்திகை, மார்கழியில் எங்கள் பக்கம் வெள்ளம் வந்தால் பள்ளியும் ரியூசனும் நிற்கும், கரண்டும் போகும். அந்த இரண்டு மாதத்துக்குப் புதிய பாடம் வைக்காமல், கொப்பியைப் புரட்டும் வேலை மட்டும் வையுங்கள். கொப்பியைப் பொலித்தீன் பையில் போட்டு அலுமாரியின் மேல்தட்டில் வைக்கவும்.

செலவு என்று பார்த்தால் எங்களுக்கு சி.ஆர். கொப்பிக்கு 400 ரூபா அளவில், வினாத்தாளும் புள்ளியிடும் திட்டமும் பிரதி எடுக்க 600 ரூபா. வீணாய்ப் போன அந்த 1800 ரூபாவை நீங்கள் மிச்சம் பிடிக்கலாம். ரியூசனுக்கு விடுவதாக இருந்தால், முதல் மாதக் காசு கட்டும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: பிள்ளை எழுதும் விடையைத் திருத்தித் தருவீர்களா? நோட்ஸ் மட்டும் தருவோம் என்றால் வேண்டாம். கலைச்சொல் சரியாக விழுந்ததா என்று வேறொருவர் கண்ணால்தான் பிடிக்க முடியும்.

பரீட்சைக்கு முதல் நாள் இரவு எழுத்துக்கூட்டலை மட்டும் பாருங்கள். ரிதத்தில் 'ஏ, ஈ, ஐ, ஓ, யூ' ஒன்றுமே வராது. ரைமில் 'ஆர்' எழுத்துக்குப் பின் 'எச்' வரும். ஹைப்பர்பொலியின் (மிகைப்படுத்திச் சொல்வது) கடைசி 'ஈ' எழுத்தையும் உச்சரிக்க வேண்டும், 'ஹைப்பர்போல்' இல்லை. சிமிலிக்கு இரண்டு 'ஐ'.